லாரி ஊரில் கார் பாடம்: பானெட்டைத் திறக்கப் பழகலாம் வாங்க!

நாமக்கல், சங்ககிரி பக்கம் ஏதாவது ஒரு சாலையோர டீக்கடையில் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். ஒரு லாரி வந்து நிற்கும். டிரைவர் டீ சொல்லி முடிப்பதற்குள் கிளீனர் கீழே குதித்திருப்பார். கையில் ஓர் இரும்பு ராடு. ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டே வண்டியை ஒரு சுற்று வருவார். காற்று சரியாக இருந்தால் ராடு 'டங்' என்று துள்ளும். காற்று இறங்கியிருந்தால் 'தொப்' என்று செத்த சத்தம் வரும்.

பின்பக்கம் இரண்டிரண்டாக மாட்டியிருக்கும் டயர்களில் உள்டயர் பஞ்சரானால் கண்ணுக்கே தெரியாது. வெளிடயர் தாங்கிக்கொண்டிருக்கும். அதைக் காதால் கண்டுபிடிப்பதற்குத்தான் இந்தத் தட்டல். இதைச் சொல்லிக்கொடுக்க எந்தக் கல்லூரியும் கிடையாது. முன்னால் இருந்த கிளீனர் பின்னால் வந்த கிளீனருக்குச் சொல்லிக்கொடுத்தது.

அதே டீக்கடை முன்னால் ஒரு புது காரும் வந்து நிற்கும். பத்து லட்ச ரூபாய் வண்டி. இறங்குகிறவரிடம் "பானெட்டை எப்படிங்ணா திறக்கணும்?" என்று கேட்டால் பாதிப் பேருக்கு லீவர் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. "அதெல்லாம் சர்வீஸ் சென்டர்ல பார்த்துக்குவாங்க" என்பதுதான் பதில்.

இந்த முரண், சேலம் நாமக்கல் சமவெளியில் கொஞ்சம் கூடுதலாகவே உறுத்துகிறது. காரணம், இது வண்டிகளின் ஊர். வெறும் சேஸிஸாக வரும் லாரிக்கு முழு பாடி கட்டிக் கொடுப்பதில் நாமக்கல் பட்டறைகளுக்கு நாடு முழுக்கப் பெயர். அக்கம்பக்கத்து மாநிலங்களிலிருந்தும் இங்கே பாடி கட்ட வருகிறார்கள். போர்வெல் ரிக் வண்டி என்றால் திருச்செங்கோடு. சமையல் காஸ் டேங்கர் லாரிகள் வேலைநிறுத்தம் என்று செய்தி வந்தால், அது பெரும்பாலும் நாமக்கல்லிலிருந்துதான் வரும். கிளீனராக ஏறி, டிரைவராகி, கடன் வாங்கி ஒரு லாரிக்கு ஓனரானவர்களின் கதை இங்கே தெருவுக்கு ஒன்று கிடைக்கும். அவர்களுடைய படிப்பு மொத்தமும் வண்டிக்கு அடியில் படுத்துப் படித்தது.

அந்தப் படிப்பில் பத்தில் ஒரு பங்கை ஒரு சாதாரணக் கார்க்காரர் கற்றுக்கொண்டால் போதும். அதுவும் தனியாக அல்ல, நாலு நண்பர்களோடு சேர்ந்து.

பிரித்துப் பார்த்த கொங்கு மண்

இந்தப் பக்கத்தில் 'பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்வது' என்றாலே முதலில் நினைவுக்கு வருபவர் ஜி.டி.நாயுடு. கோவை அருகே கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர். ஊருக்கு வந்த ஆங்கிலேய அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, அதே மாதிரி ஒன்றை வாங்கியே தீருவது என்று கோவைக்குப் போய் ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்தார். காசு சேர்த்து 300 ரூபாய்க்கு அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியவர் முதலில் செய்த காரியம், அதை அக்கு அக்காகக் கழற்றியதுதான். கழற்றி மாட்டிக் கற்ற அந்தத் தைரியத்தில்தான் 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் ஜி.டி. கார் மியூசியத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய் வரலாம். சேலத்திலிருந்து மூன்று மணி நேரப் பயணம்தான்.

அம்பாசடரும் ஃபியட்டும் ஓடிய காலத்தில் கார் வைத்திருந்தவர்கள் எல்லோருமே அரை மெக்கானிக்காக இருந்தார்கள். வேறு வழியில்லை. பிளக்கைக் கழற்றி உப்புக்காகிதத்தில் தேய்ப்பது, பாயின்ட் சுத்தம் செய்வது, கொதிக்கும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அப்பாவுக்கும் தெரியும், பக்கத்தில் நின்று டார்ச் பிடித்த மகனுக்கும் தெரியும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. வண்டி அடிக்கடி நிற்பது குறைந்தது. நல்ல விஷயம்தான். ஆனால், டார்ச் பிடிக்கிற வேலையும் போய்விட்டது. பிறகு கம்ப்யூட்டர் வைத்த இன்ஜின்கள் வந்ததும் 'நமக்கு இது ஆகாது' என்று பானெட்டை மூடிவிட்டோம்.

உண்மையில் கம்ப்யூட்டர் வந்த பிறகும் டயர் டயர்தான். ஆயில் ஆயில்தான். பிரேக்கும் அதே பிரேக்தான்.

ஏன் கூட்டமாக?

கார் ஆர்வலர்கள் நாலைந்து பேர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டு வாசலில் கூடுவது என்று முடிவெடுத்தால், முதல் லாபம் செலவில். நல்ல ஸ்பேனர் செட், சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச், ஜாக்கி, கார் ஸ்டாண்டு, டயர் காற்று கேஜ், ஜம்பர் கேபிள் என்று எல்லாவற்றையும் ஒருவரே வாங்கினால் வீட்டில் கேள்வி வரும். ஐந்து பேர் பிரித்துக்கொண்டால் வராது.

இரண்டாவது லாபம், ஐந்து விதமான வண்டிகள். ஒருவருடையது பழைய டீசல், இன்னொருவருடையது புது பெட்ரோல், மூன்றாவது ஆட்டோமேட்டிக். ஒரே பாகம் ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இடத்தில் ஒளிந்திருக்கும். தன் வண்டியின் நல்ல சத்தம் எது என்பதே அடுத்த வண்டியின் கெட்ட சத்தத்தைக் கேட்ட பிறகுதான் பலருக்குப் புரியும்.

மூன்றாவதாக, சில வேலைகளை ஒற்றை ஆளாகச் செய்யவே முடியாது. அதைப் பிறகு பார்ப்போம்.

முதல் கூட்டத்துக்கு ஓர் அனுபவமுள்ள மெக்கானிக்கை அழைத்து, அவருடைய அரை நாள் கூலியைக் கையில் கொடுத்து, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கச் சொல்லலாம். 'ஓசியில் வாங்கண்ணே' என்று மட்டும் கூப்பிடாதீர்கள். அவருக்கும் ஞாயிறு ஒரு நாள்தான் லீவு.

முதல் பாடம்: ஸ்டெப்னி

டயர் மாற்றுவது எல்லோருக்கும் தெரியும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 44-ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையில் ராசிபுரம் தாண்டி ராத்திரி பதினோரு மணிக்கு, பக்கத்தில் லாரிகள் பறக்கும்போது, குடும்பத்தை வண்டிக்குள் வைத்துக்கொண்டு மாற்ற வேண்டிவரும்போதுதான் தெரியும், தெரியாது என்பது. அதனால் வாசலில், பகலில், ஒருமுறை செய்து பழகிவிட வேண்டும்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு கியரில் வையுங்கள். மாற்றப்போகும் டயருக்குக் குறுக்கே எதிர்மூலையில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் அண்டக் கொடுங்கள். இதுவும் லாரிக்காரர்கள் பாடம்தான். டயர் தரையில் இருக்கும்போதே எல்லா நட்டையும் அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்தினால் சக்கரம் சுற்றும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். ஜாக்கியை வைக்கும் இடம் வண்டியின் கையேட்டில் படத்தோடு இருக்கிறது. கண்ட இடத்தில் வைத்தால் தகடு நசுங்கும். கழற்றிய டயரை வண்டியின் ஓரத் தகட்டுக்கு அடியில் படுக்கப்போட்டு வைத்தால், ஜாக்கி நழுவினாலும் வண்டி முழுதாகத் தரையில் விழாது.

மாட்டும்போது நட்டுகளை முதலில் கையாலேயே திருக வேண்டும். பிறகு ஒன்றை விட்டு ஒன்று, எதிரெதிராக. வண்டியை இறக்கிய பிறகு கடைசி இறுக்கம். ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதிப்பது வீரம் இல்லை. அடுத்த முறை அந்த நட்டு வராது. ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மீண்டும் ஒருமுறை இறுக்கத்தைச் சோதிப்பது நல்லது.

ஒரு விதியை மட்டும் கூட்டத்தில் யாருக்கும் தளர்த்தக் கூடாது. ஜாக்கி, வண்டியைத் தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையோ கையோ போகவே கூடாது. அடியில் போக வேண்டுமென்றால் ஸ்டாண்டு வேண்டும். இதில் 'ஒரு நிமிஷம்தான்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

கூடவே டயரின் வயதையும் பார்க்கப் பழகுங்கள். ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. காடிப்பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் டயரின் ஆயுள் முடிந்தது. காற்று எவ்வளவு என்பது டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும்.

போர் தண்ணீர் வேண்டாம்

அடுத்து பானெட். ஆயில் பார்க்கும் கம்பியை உருவி, துடைத்து, மீண்டும் செருகி எடுத்தால் இரண்டு கோடுகளுக்கு நடுவே எண்ணெய் நிற்க வேண்டும். குறைந்தாலும் தப்பு, மேல்கோட்டைத் தாண்டினாலும் தப்பு. 'கூட இருந்தால் நல்லதுதானே' என்று ஊற்றுகிறவர்கள் உண்டு. சாம்பாருக்கு நெய் ஊற்றுவது போன்ற விஷயம் அல்ல இது. எந்த ஆயில் என்பதற்கும் கையேடுதான் சாமி. மெல்லிய 0டபிள்யூ-20 கேட்கும் புது இன்ஜினுக்கு, பழக்கதோஷத்தில் கெட்டியான 20டபிள்யூ-40 ஊற்றக் கூடாது.

கூலன்ட் விஷயம் நம் ஊருக்கே உரியது. இந்தச் சமவெளியில் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் கடுமையான உப்பு. பக்கெட்டின் விளிம்பில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வெள்ளை, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். ஏப்ரல், மே வெயிலில் ஏசியும் போட்டுக்கொண்டு டோல்கேட் வரிசையில் நிற்கும்போது இன்ஜின் சூட்டு முள் சிவப்பைத் தொடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கலந்தே விற்கும் கூலன்ட் வாங்குங்கள். கெட்டியானதை வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரில் கலக்குங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும்.

ஏர் ஃபில்டர் கழற்ற பல கார்களில் நான்கு கிளிப்புகள்தான். சேலத்தின் மேக்னசைட் தூசி, சங்ககிரியின் சிமென்ட் தூசி, கோழிப்பண்ணை மண்சாலைப் புழுதி எல்லாம் அதில் படிந்திருக்கும். கம்பெனி சொல்லும் கிலோமீட்டர் கணக்கு சராசரி சாலைக்கு. இங்கே அதற்கு முன்னாலேயே பார்த்துவிட வேண்டும்.

கோழிப்பண்ணை, தீவனக் கிடங்கு, ஜவ்வரிசி ஆலை பக்கம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இன்னொரு விருந்தாளி உண்டு. எலி! ஒரே ராத்திரியில் ஒயரைக் கடித்து வைத்துவிட்டுப் போய்விடும். சிலர் பானெட்டுக்குள் புகையிலையைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். வாரம் இரண்டு முறை பானெட்டைத் திறந்து பார்க்கும் பழக்கம் அதைவிட நம்பகமானது. தேங்காய் நாரும் புழுக்கையும் தெரிந்தால் உஷார்.

பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் ஆப்ப சோடா கலந்த வெந்நீரில் கழுவலாம். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். காரணம் எளிது. மைனஸ் இணைப்பு இருக்கும்போது பிளஸ் நட்டைக் கழற்றுகிற ஸ்பேனர் தவறிப்போய் பாடியில் பட்டால், மொத்த பேட்டரியும் ஸ்பேனர் வழியாகப் பாய்ந்து தீப்பொறி பறக்கும்.

எழுபது வளைவும் ஒரு பாட்டில் ஆயிலும்

இனி, இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் மறக்கக் கூடாத விஷயம்.

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். சேலத்திலிருந்து ஏற்காடு போனால் 20. ஏறுவது இன்ஜினுக்குச் சோதனை. இறங்குவது பிரேக்குக்குச் சோதனை. உயிர் போவது பெரும்பாலும் இறங்கும்போதுதான்.

பிரேக் மிதித்தால் வண்டியின் வேகம் மாயமாகிவிடுவதில்லை, சூடாக மாறுகிறது. வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே இறங்கினால் டிஸ்க்கும் பேடும் கொதிக்கின்றன. அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்குப் போகிறது. பிரேக் ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகைக்கான தரக் கணக்கைப் பாருங்கள். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் 140 டிகிரி வந்தாலே போதும். டாட் 4 வகைக்கு இது 230, 155. அதாவது, பழைய ஆயில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சீக்கிரமாகவே கொதித்துவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி. திரவத்தை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம். பெடல் பஞ்சு மாதிரி தரை வரை போகும், வண்டி நிற்காது.

கார் வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் பிரேக் ஆயிலை மாற்றியிருக்கிறார்கள்? 'அளவு சரியாத்தானே இருக்கு' என்பார்கள். அளவு அல்ல, வயது. பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். மூடியில் எந்த டாட் என்று அச்சிட்டிருக்கும். தேன் நிறத்தில் இருந்தது காபி டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்திருந்தால் தாமதிக்க வேண்டாம்.

ஒற்றை ஆளாகச் செய்ய முடியாத வேலை என்று சொன்னது இதைத்தான். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தருகே நிப்பிளை லேசாகத் திறக்க வேண்டும். பழைய ஆயில் குமிழியோடு குழாய் வழியாகப் பாட்டிலில் இறங்கும். நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலிலிருந்து காலை எடுக்க வேண்டும். மூன்றாமவர் மேலே டப்பாவில் புது ஆயில் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 'மிதி... பிடி... மூடியாச்சு, விடு' என்று ஒரே தாளத்தில் போக வேண்டும். ஒருவர் அவசரப்பட்டு விட்டால் காற்று உள்ளே போய்விடும். ஆகவே முதல் இரண்டு மூன்று முறை மெக்கானிக் பக்கத்தில் நிற்காமல் இதைத் தொடவே வேண்டாம். ஏபிஎஸ் உள்ள சில வண்டிகளுக்கு ஸ்கேன் கருவியே தேவைப்படும். அவை பட்டறை வேலை. உங்கள் வேலை, அது நடந்ததா என்று நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது. சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயின்ட்டைத் தின்றுவிடும்.

மலைக்குப் போகுமுன் கூட்டமாகச் சேர்ந்து பேடின் கனத்தையும் ஆயில் நிறத்தையும் பார்த்துவிட்டுப் போங்கள். இறங்கும்போது பழைய லாரி டிரைவர்கள் சொல்லும் வழி ஒன்று போதும். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கி விபத்தான லாரிகளின் கதையைச் சேலம், தருமபுரி எல்லையில் உள்ள தொப்பூர் கணவாய் எத்தனையோ முறை பார்த்துவிட்டது.

தொப்பி ஊசியும் ஆப்ப சோடாவும்

இதெல்லாம் ஆண்கள் சமாசாரம் என்று வீட்டில் யாராவது விலகினால் ஒரு கதை சொல்லுங்கள். 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ், தன் கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த அம்மா வீட்டுக்குக் கிளம்பினார். நூறு கிலோமீட்டருக்கு மேல். உலகின் முதல் நெடுந்தூர கார் பயணம் அதுதான். வழியில் எரிபொருள் குழாய் அடைத்தது. தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். மரத்தாலான பிரேக் தேய்ந்தது. ஒரு செருப்புத் தைப்பவரைப் பிடித்து அதற்குத் தோல் அடிக்கச் செய்தார். எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். உலகின் முதல் நெடுஞ்சாலை மெக்கானிக் ஒரு குடும்பத் தலைவி!

பள்ளிப் பிள்ளைகளுக்கு டயர் காற்று பார்ப்பது, ஃபியூஸ் டப்பாவில் எரிந்த ஃபியூஸைக் கண்டுபிடிப்பது, வைப்பர் ரப்பர் மாற்றுவது போன்ற வேலைகளைக் கொடுக்கலாம். ஆர்வம் வந்துவிட்டால், ஐ.டி.ஐ.களில் மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பு இரண்டு ஆண்டு.

கை வைக்கக் கூடாத இடங்களும் உண்டு. ஏர்பேக், ஏசி காஸ், சிஎன்ஜி சிலிண்டர், ஹைபிரிட் மற்றும் மின்சார வண்டிகளின் ஆரஞ்சு நிற ஒயர். இவற்றைப் பார்த்தால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். வாரன்டியில் உள்ள வண்டிக்கு ஆயில் மாற்றம் போன்ற வேலைகளை வீட்டில் செய்தால் பின்னால் தகராறு வரலாம். அதுவரை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பார்ப்பதற்கு எந்தக் கம்பெனியும் தடை சொல்ல முடியாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகி, போனில் கோளாறு எண்ணைக் காட்டும் சின்னக் கருவிகள் இப்போது சில நூறு ரூபாயிலேயே கிடைக்கின்றன. மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்தால் பட்டறைக்குப் போகுமுன் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

மெக்கானிக்குகளின் பிழைப்பு இதனால் கெடுமா? கெடாது. நல்ல மெக்கானிக்குக்கு, கழற்றிய பாகத்தைக் கையில் வாங்கிப் பார்த்து "இந்த பேட் இன்னும் எவ்வளவு வரும்ண்ணா?" என்று கேட்கிற வாடிக்கையாளரைத்தான் பிடிக்கும். மாற்றாத பாகத்துக்குப் பில் போடுகிறவருக்குத்தான் பிடிக்காது. பொருளை வாங்கியவருக்கே அதைச் சரிசெய்துகொள்ளும் உரிமை வேண்டும் என்ற பேச்சு இந்தியாவிலும் வந்துவிட்டது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதற்காக ஒரு குழு அமைத்தபோது, கவனிக்க எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று.

கடைசியாக, ஞாயிறு மாலை மிஞ்சுகிற ஒரு விஷயம் இருக்கிறது. நான்கு லிட்டர் கறுப்பு ஆயில். அதைச் சாக்கடையிலோ, காலி மனையிலோ, வேலியோரத்திலோ கொட்டிவிடாதீர்கள். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயக் கழிவு. ஆயிரம் அடி போர் போட்டுத் தண்ணீர் தேடுகிற ஊரில், மண்ணில் இறங்கும் அந்த எண்ணெய் யாருடைய கிணற்றுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. புது ஆயில் வந்த அதே கேனில் ஊற்றி, மூடியை இறுக்கி, பழைய ஆயில் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பெரிய பட்டறையிலோ சர்வீஸ் சென்டரிலோ கொடுங்கள். கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை மாதம் ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டால், சண்டை வராது.